பழைய கவரிங் நகை, புரோச்செல்லாம் வச்சு செஞ்ச ஃபிரேம் மூணு கையில இருக்கு, என்ன விலை சொல்றது?

கெடிலக்கரை, கடலூர் மஞ்சக்குப்பம்:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுமையா படிச்சிட்டு சொல்லுங்க.

போன ஞாயித்துக்கிழமை பாண்டி சண்டே மார்க்கெட் போயிருந்தேன், எம்.ஜி. ரோட்டுல, பையனுக்கு ஜீன்ஸ் வாங்கலாம்னு. துணிக்கடைங்க முடியற எடத்துல ஒருத்தர் தார்ப்பாய் விரிச்சு பழைய சாமான் போட்டிருந்தார், பித்தளை சொம்பு, ஓடாத டைம்பீஸ், பீங்கான் தட்டு, அதுக்கு நடுவுல மூணு ஃபிரேம் செவுத்துல சாத்தி இருந்துச்சு. தூரத்துல பாக்கும்போது தஞ்சாவூர் பெயிண்டிங் மாதிரி மின்னுச்சு, கிட்ட போய் குனிஞ்சு பாத்தா பெயிண்டிங்கே இல்ல, அத்தனையும் நகை. அப்படியே அங்கயே உக்காந்துட்டேன்.

முதல் ஃபிரேம் மயில். 14க்கு 18 இன்ச் இருக்கும், கருநீல வெல்வெட் மேல. கழுத்து பூரா நீலக்கல் தோடு, தோகையில ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு ஜிமிக்கிய கவுத்து வச்சு நடுவுல ஒரு கெம்பு கல், கால் ரெண்டும் மாட்டல் செயின், தலைக்கொண்டைக்கு ஒரு நெத்திச்சுட்டி. ரெண்டாவது குத்துவிளக்கு, தண்டு பூரா ஒட்டியாணத்த துண்டு துண்டா வெட்டி அடுக்கியிருக்காங்க, அஞ்சு முகத்துலயும் சுடருக்கு செவப்பு கெம்பு, கீழ முத்து மணியால சின்னதா ஒரு புள்ளிக்கோலம், அதுல மட்டும் நாலஞ்சு மணி உதிர்ந்துருக்கு. மூணாவது கிறிஸ்மஸ் மரம், கருப்பு வெல்வெட்ல, அது நம்மூரு நகையே இல்ல, எல்லாம் ஃபாரின் புரோச்சும் கிளிப் கம்மலும். அதோட கண்ணாடி ஒரு மூலையில வெடிச்சிருக்கு, உள்ள ஒரு புரோச் கழண்டு கீழ விழுந்து கெடக்கு.

மூணுக்கும் பின்னாடி பழுப்பு பேப்பர் ஒட்டி பென்சில்ல தமிழ்ல "எல். 1987"னு எழுதியிருக்கு. வேற ஒண்ணும் இல்ல. அவர் 1500 சொன்னார், பேரம் பேசி 900க்கு வாங்கிட்டு பஸ்ல மடியில வச்சு எடுத்துக்கிட்டு வந்தேன். ஜீன்ஸ் வாங்கல.

நான் வீட்லயே தையல் வேலை பாக்கறேன், ஸ்கூல் ஃபீஸ் கட்டற நேரம், அதனால வித்தாகணும்னு தான் வாங்கினது. ஆனா வீட்டுக்கு வந்து தொடச்சு வச்சு பாக்கப் பாக்க மனசு ஒரு மாதிரி ஆயிடுச்சு. ஒரு ஆளு எத்தன ராத்திரி உக்காந்து இதச் செஞ்சிருப்பாங்க. அடிமாட்டு விலைக்கு தள்ளிவிடவும் மனசில்ல, வாயில வந்த விலைய சொல்லவும் தெரியல.

எனக்குத் தெரிய வேண்டியது இதான். என்ன விலை சொல்றது, எங்க விக்கறது? பக்கத்து வீட்டு அக்கா அந்த ஃபாரின் புரோச்ச எல்லாம் பிச்சு தனித்தனியா வித்தா காசு அதிகம்னு சொல்றாங்க, அது சரியா? நான் செய்யாதத "கையால செஞ்சது"ன்னு போட்டு விக்கலாமா? அப்புறம் எப்படி சுத்தம் பண்றது, அம்மா புளி போட்டு தேய்க்கச் சொல்றாங்க.

பழையசாமான், புதுச்சேரி:

அம்மா, முதல்ல புளிய கீழ வைங்க! கவரிங்ல தங்கம்ங்கறது செம்பு மேலயோ பித்தளை மேலயோ சும்மா ஒரு மெல்லிசு பூச்சு, புளி, எலுமிச்ச எல்லாம் போட்டு தேய்ச்சா அந்தப் பூச்சு தேஞ்சே போயிடும், அப்புறம் செம்பு நெறந்தான் மிஞ்சும். தண்ணியும் வேணாம். வெள்ளைக்கல்லுக்கு பின்னாடி கண்ணாடிக்கு பூசற மாதிரி ஒரு பூச்சு இருக்கும், அதுல ஈரம் எறங்கினா கல் உள்ளயே கருத்து செத்துப்போயிடும், அத யாராலயும் திருப்ப முடியாது. காஞ்ச பெயிண்ட் பிரஷ் ஒண்ணு மெத்துனு இருக்கறதா பாத்து தூசி தட்டுங்க, எடுக்குல பச்சையா களிம்பு இருந்தா பல்குச்சியால மெதுவா சுரண்டுங்க, அதுக்கு மேல ஒண்ணும் பண்ணாதீங்க.

விலைக்கு வரேன். நான் பழைய சாமான் வாங்கி விக்கறவன், முப்பது வருஷம் ஆகுது, என் வழி இதான். முதல்ல கீழ் விலை ஒண்ணு போடுங்க, இதுக்குக் கீழ எவன் கேட்டாலும் தரமாட்டேன்னு. ஒரு ஃபிரேமுக்கு அசல் 300, பஸ் செலவு, கண்ணாடி மாத்தினா ஒரு 250, நீங்க சுத்தம் பண்ணி போட்டோ எடுத்து ஆளுங்களுக்கு பதில் சொல்ற நேரம். தையலுக்கு மணிக்கு என்ன கணக்கு வப்பீங்களோ அதையே வைங்க, சொந்த வேலைதானேன்னு விட்டுடாதீங்க. அப்படி கூட்டினா ஒண்ணு ஆயிரம், ஆயிரத்து இருநூறு வந்துடும். அது கீழ் விலை. மேல் விலைங்கறது ஆசைப்பட்டு வாங்கறவங்க பாண்டியில இதுமாதிரி ஒண்ணுக்கு என்ன குடுக்கறாங்கங்கறது. ஒயிட் டவுன்ல ஹோம்ஸ்டே, கஃபே வச்சிருக்கறவங்க செவுத்துக்கு புதுசா பிரிண்ட் போட்ட படத்துக்கே மூவாயிரம் நாலாயிரம் குடுக்கறத பாத்துருக்கேன். உங்க மயில நேர்ல பாக்காம சொல்றேன், 4500 சொல்லி 4000க்கு எறங்கலாம். விளக்கு 3000. மரத்துக்கு அவசரப்படாதீங்க, அந்தப் புரோச்ச திருப்பிப் போட்டு பின்னாடி ஏதாவது முத்திரை இருக்கான்னு பாத்து சொல்லுங்க.

பிச்சு விக்கறது பத்தி. பிசின் போட்டு ஒட்டின நகைய பிச்சா பின்பக்கம் பூச்சு போயிடும், பின் ஒடஞ்சிருக்கும், தனியா அதுக்கு பாதி விலை கூட வராது. அதுக்கும் மேல, பிச்சுட்டா மயில் போயிடும்மா. அத எந்தக் கடையில போய் வாங்குவீங்க.

மணிக்கூண்டு, கடலூர்:

நான் கொஞ்சம் வேற மாதிரி நெனைக்கறேன். கவரிங்குக்கு ரீசேல் கிடையாது. நம்ம பக்கத்துல சிதம்பரம் கவரிங் எவ்வளவு பேரெடுத்தது, ஆனா பழைய கவரிங் சங்கிலிய எடுத்துக்கிட்டு போனா யார் காசு தரா, காயலான் கடையில எடை போட்டு பித்தளை ரேட்டு குடுப்பான், அதான். பொருளோட அசல் மதிப்பு 100 ரூபா கூட இல்லாதத 4500னு சொன்னா வாங்கறவங்கள ஏமாத்தற மாதிரி எனக்குப் படுது. 1200, 1500 வந்தா குடுத்துட்டு அடுத்த வேலைய பாருங்க, கையில நிக்கற சரக்கு தூசி தான் புடிக்கும்.

ஊசியும் மணியும், வில்லியனூர்:

மணிக்கூண்டு அண்ணா, நீங்க அக்கறையோடதான் சொல்றீங்கன்னு புரியுது, ஆனா இதுல எனக்கு ரொம்ப வலிக்குது அதனால எழுதறேன். நான் இதே வேலை பண்றவ, பழைய நகைல படம். பட்டுப்புடவைய நூல் எடை போட்டா வாங்கறோம்? துணியும் சாயமும் என்ன விலைன்னு பாத்தா ஓவியம் வாங்குவோம்? மயில் ஒண்ணு செய்யணும்னா முதல்ல நீலம் நீலமா தோடு சேக்கணும், ஒரே ஷேடுல கெடைக்காது, ஜோடியில ஒண்ணு தொலைஞ்சு போனவங்க வீட்டுல கேட்டுக் கேட்டு வாங்கி வப்போம், அதுக்கே மாசக்கணக்கு ஆவும். அப்புறம் கம்பிய நறுக்கி, திருகாணிய தேய்ச்சு மட்டம் பண்ணி, துணி மேல சும்மா வச்சு வச்சு மாத்தி மாத்திப் பாத்து, அது மயில் மாதிரி நிக்கறப்ப தான் ஒட்ட ஆரம்பிப்போம். எனக்கு இந்த சைஸுக்கு நாப்பது மணி நேரம் கொறையாது. மணிக்கு 100 ரூபான்னு வச்சாலே 4000.

அக்கா, நீங்க கேட்ட "கையால செஞ்சது" விஷயம். கையால செஞ்சதுன்னு தாராளமா சொல்லுங்க, அது உண்மை. நான் செஞ்சதுன்னு மட்டும் தோணற மாதிரி எழுதிடாதீங்க. "1987ல ஒருத்தங்க கையால செஞ்சது, சண்டே மார்க்கெட்ல கெடச்சது, பின்னாடி எல்.னு எழுத்து இருக்கு"ன்னு அப்படியே போடுங்க. என் படம் ஒண்ண வாங்கினவங்க ரெண்டு வருஷம் கழிச்சு தாங்களே செஞ்சதா சொல்லி வித்தாங்க, அத ஒரு எக்ஸிபிஷன்ல நானே நேர்ல பாத்தேன், அன்னிக்கு சாப்பாடு எறங்கல. காசுக்காக இல்ல. அந்தப் படத்துல கொண்டைக்கு வச்ச சுட்டி எங்க பாட்டியோடது.

விளக்குல உதிர்ந்த மணிய போடுங்க. புதுசா பளபளன்னு இருக்கறத போட்டா பல்லு கட்டினா மாதிரி தனியா தெரியும், அதனால பழைய முத்துமாலை அறுந்தது ஏதாவது பாத்து அதே மஞ்சளா மங்கினதா எடுத்து போடுங்க. ஹாட் க்ளூ வேணவே வேணாம், நம்ம கடலோர ஈரத்துக்கும் சித்திரை வெயிலுக்கும் ரெண்டே வருஷத்துல விட்டுடும். ரெண்டு டியூப் கலக்கற அரால்டைட் குண்டூசி முனையில தொட்டு வைங்க, ஒரு நாள் அசைக்காதீங்க.

பழையசாமான், புதுச்சேரி:

வில்லியனூர் அம்மா சொன்ன மணிக்கணக்கு செஞ்சவங்களுக்கு பொருந்தும், கைமாத்தி விக்கறவங்களுக்கு அப்படியே பொருந்தாது, வாங்கறவன் நாப்பது மணி நேரத்த பாத்து காசு குடுக்கறதில்ல, செவுத்துல எப்படி இருக்கும்னு பாத்து குடுக்கறான். ஆனா கீழ எறங்கக்கூடாதுன்னு அவங்க சொல்றது சரி. உதிர்ந்த மணி விஷயத்துல மட்டும் நான் ஒத்துக்கமாட்டேன். பழசு பழசாவே இருக்கட்டும், நாலு மணி போனதோட விக்கட்டும். வாங்கறவங்களுக்கு வேணும்னா அவங்க போட்டுக்கட்டும்.

ஊசியும் மணியும், வில்லியனூர்:

கோலத்துல புள்ளி விட்டுப்போச்சுன்னா அது கோலமா? போட்டுட்டு "நாலு மணி இப்ப மாத்தினது"ன்னு எழுதிடுங்க அக்கா, அதுல ஒளிக்க ஒண்ணுமில்ல.

கெடிலக்கரை, கடலூர் மஞ்சக்குப்பம்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு பேர் எழுதுவீங்கன்னு நெனைக்கல. கழண்டு விழுந்த புரோச்ச வெடிச்ச மூலை வழியா எடுத்துட்டேன். எலை மாதிரி இருக்கு, தங்க கலர், நடுவுல மூணு வெள்ளைக்கல். பின்னாடி லென்ஸ் வச்சு பாத்தா டி எழுத்து மேல ஒரு சின்ன கிரீடம், ட்ரிஃபாரின்னு இங்கிலீஷ்ல, பக்கத்துல வட்டத்துக்குள்ள சி. இன்னொரு கம்மல்ல கல்லு பூரா எண்ணெய் பட்ட தண்ணி மாதிரி வானவில் கலரா மினுக்குது. இதெல்லாம் ஏதாவது பெரிய விஷயமா?

குருசுக்குப்பம் பொண்ணு, இப்போ பாரிஸ்:

கடலூர்ல ட்ரிஃபாரி! படிச்சதும் தூக்கம் போச்சு எனக்கு. சொல்றேன் கேளுங்க.

ட்ரிஃபாரி அமெரிக்கா கம்பெனி, நியூயார்க். தங்கம் வைரம் இல்லாத அலங்கார நகையில பெரிய பேரு. இந்த மாதிரி நகைய இங்க பிரெஞ்சுல பிஜு ஃபாந்தேஸின்னு சொல்லுவாங்க. கிரீடம் போட்ட டி அவங்க முத்திரை தான். வட்டத்துக்குள்ள சி இருந்தா அது அம்பதுகளோட நடுவுக்கு அப்புறம் வந்தது, ஏன்னா 1955ல அவங்க ஒரு கேஸ் போட்டு நகை டிசைனுக்கும் காப்பிரைட் உண்டுன்னு கோர்ட்ல ஜெயிச்சாங்க, அதுக்கப்புறம் தான் அந்தக் குறி போட ஆரம்பிச்சாங்க. அந்த வானவில் கல்லுக்கு ஆரோரா போரியாலிஸ்னு பேரு, 1956ல ஸ்வரோவ்ஸ்கிங்கற கண்ணாடிக்கல் கம்பெனி டியோர்ங்கற ஃபேஷன் கம்பெனியோட சேந்து கொண்டுவந்த பூச்சு, அப்புறம் எல்லாரும் போட ஆரம்பிச்சாங்க. அப்படின்னா உங்க மரத்துல இருக்கற நகை அறுபதுகள்ல, எழுபதுகள்ல யாரோ வெளிநாட்டுல வாங்கி வீட்டுக்கு அனுப்பினதா இருக்கலாம். நம்ம பாண்டி குடும்பங்கள்ல ஒருத்தர் பிரான்ஸ்ல, ஒருத்தர் வியட்நாம்ல, ஒருத்தர் பட்டாளத்துலன்னு இருந்தாங்கல்ல. எங்க ஆயா வீட்டு அலமாரியிலயும் ஒரு பிஸ்கெட் டப்பா நெறைய இப்படி கெடந்துச்சு, யாரும் போட்டுக்கறதில்ல, தூக்கிப் போடவும் மனசு வராது. எல்.ங்கறவங்க அந்த டப்பாவ தான் மரமாக்கியிருக்காங்கன்னு எனக்குத் தோணுது.

கருப்பு வெல்வெட்ல பழைய புரோச்ச வச்சு கிறிஸ்மஸ் மரம் செஞ்சு ஃபிரேம் போடறது அமெரிக்காவுல ரொம்ப நாளா வீட்டுப் பெண்கள் பண்ற கைவேலை, அதத் தேடி வாங்கறவங்க ஒரு கூட்டமே இருக்கு. விலை பாக்கணும்னா ஈபே டாட் காம்ல போய் தேடுங்க, ஆனா விக்கறவங்க போட்டுருக்கற விலைய பாக்காதீங்க, அது அவங்க ஆசை. பக்கத்துல "சோல்டு"ன்னு ஒரு ஃபில்டர் இருக்கும், அத அழுத்தினா கடைசி 90 நாள்ல நெஜமாவே வித்துப்போன விலை வரும். அதே சைஸ், அதே மாதிரி முத்திரை போட்ட நகை உள்ளதா ஒரு பத்து எடுத்து எழுதி வச்சு, ரொம்ப ஒசந்ததையும் ரொம்ப கொறஞ்சதையும் தள்ளிட்டு நடுவுல பாருங்க. ஒரே ஒரு ட்ரிஃபாரி இருக்குன்னு முழு மரத்தையும் ட்ரிஃபாரி விலைக்கு சொல்லாதீங்க, அது பேரில்லாத நகைங்களுக்கு நடுவுல ஒண்ணு.

எட்ஸின்னு கைவேலை, பழைய பொருள் விக்கற வெப்சைட் இருக்கு, அதுல போடறதா இருந்தா "ஹேண்ட்மேட்"னு போடக்கூடாது, அங்க அந்த எடம் விக்கறவங்களே செஞ்சதுக்கு. உங்களது "விண்டேஜ்"ல வரும், 20 வருஷம் தாண்டியிருக்கணும், 1987ன்னா தாராளமா தாண்டிடுச்சு. ஒரு பொருள் போட 20 அமெரிக்க சென்ட், வித்தா ஆறரை சதவீதம் எடுத்துக்குவாங்க, பணம் வாங்கற கட்டணம் தனி, கண்ணாடியோட அனுப்பற கூலி இன்னும் தனி. அந்தக் கூலிய நெனச்சா இங்கயே விக்கறது தான் நல்லது. நவம்பர் பொறக்கட்டும், பாண்டியில டிசம்பர் சீசன்ல ஊர் பூரா வெளியூர் ஆளுங்க, அப்ப வெளில எடுங்க. ஆடி மாசத்துல கிறிஸ்மஸ் மரத்த யார் வாங்குவா.

கழண்டத பசை போட்டு ஒட்டவே ஒட்டாதீங்க, ப்ளீஸ். வெல்வெட்டோட சேத்து நூலால தச்சிடுங்க, நீங்க தையல்காரங்க தானே.

மடுகரை வாத்தியார்:

ரெண்டு விஷயம் மட்டும் சொல்லிக்கறேன்.

ஒண்ணு, மணி. நம்ம ஊர் மண்ணு கண்ணாடி மணி செஞ்ச மண்ணு, பாண்டி பக்கத்துல அரிக்கமேட்டுல 1945ல தொல்லியல் ஆய்வாளர் மார்ட்டிமர் வீலர் தோண்டினப்போ ரோம் நாட்டு சாமானெல்லாம் வந்துச்சு, அங்க செஞ்ச மணி கடல் தாண்டிப் போனது. பாண்டி மியூசியத்துல வச்சிருக்காங்க, பிள்ளைங்கள கூட்டிக்கிட்டு போய் காட்டுங்க. ஆனா அந்தப் பெருமைய எடுத்து உங்க லிஸ்டிங்ல "அரிக்கமேடு மணி பதிச்சது"ன்னு யாராவது சேக்கச் சொன்னா சேக்காதீங்க. பொய்யா இருந்தா தப்பு, நெஜமா இருந்தா அதவிட சிக்கல், 100 வருஷம் தாண்டின கலைப்பொருள் 1972 தொல்பொருள் சட்டத்துல வரும், அனுமதியில்லாம வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. 1987 ஃபிரேமுக்கு அந்த பயமே கெடையாது, உள்ளதச் சொல்லி நிம்மதியா விக்கலாம்.

ரெண்டு, படம் உங்க கைக்கு வந்துடுச்சுன்னு அத போட்டோ எடுத்து காலண்டரு, வாழ்த்து அட்டைன்னு அச்சடிச்சு விக்க முடியாது. பொருள் உங்களது, காப்பிரைட் செஞ்சவங்களோடது, நம்ம சட்டத்துல அது அவங்க ஆயுசுக்கும் அதுக்கப்புறம் 60 வருஷத்துக்கும் இருக்கும். விக்கறதுக்காக போட்டோ போட்டுக் காட்டறத யாரும் கேக்கப்போறதில்ல, அச்சடிக்கறது தான் வேற கதை.

மணிக்கூண்டு, கடலூர்:

வில்லியனூர் தங்கச்சி எழுதினத ரெண்டு தடவ படிச்சேன். நான் எடைய தான் பாத்தேன், வேலைய பாக்கல. விலைய கொறைக்கச் சொன்னத வாபஸ் வாங்கிக்கறேன்.

சட்டக்கடை, திருப்பாதிரிப்புலியூர்:

நான் ஃபிரேம் வேலை பாக்கறவன். கண்ணாடி மாத்தறப்போ ஒண்ணு கவனிங்க, நகை மேடு கண்ணாடியத் தொடக்கூடாது, ஓரத்துல கால் இன்ச் ரீப்பர் (மெல்லிசு மரக்கட்டை) கொடுத்து எடைவெளி விடச் சொல்லுங்க, இல்லன்னா பஸ் குலுங்கறப்போ கல்லு கண்ணாடிய வெட்டும். உங்க மூலை வெடிச்சது கூட அதனாலதான் இருக்கும். பின்னாடி பழுப்பு பேப்பர கிழிச்சுப் போட்டுறாதீங்க, அந்தப் பென்சில் எழுத்து உள்ள துண்ட கத்தியால கீறி எடுத்து புது பேப்பர் மேல ஒரு கவர் மாதிரி ஒட்டி அதுக்குள்ள வைங்க. சிலிக்கா ஜெல் பொட்டலம் ரெண்டு உள்பக்கம் மூலையில டேப் போட்டு விடுங்க, புது செருப்பு டப்பாவுல வருமே அதுவே போதும், நம்ம உப்புக்காத்துக்கு அது ரொம்ப முக்கியம்.

பார்சல் போகுதுன்னா கண்ணாடி மேல மாஸ்கிங் டேப்ப பெருக்கல் குறி மாதிரி ஒட்டுங்க, ஒடஞ்சாலும் செதறி வெல்வெட்ட கிழிக்காது. பபிள் ரேப் ரெண்டு சுத்து, நாலு மூலைக்கும் அட்டை மடிச்சு தொப்பி, பொட்டிக்குள்ள பொட்டி. தூரத்துக்கு அனுப்பறதா இருந்தா கண்ணாடிக்கு பதில் அக்ரிலிக் போட்டுக்கங்க, அத தொடைக்கறப்போ மட்டும் காஞ்ச துணி போட்டு அழுத்தி தேய்க்காதீங்க, கீறல் விழும்.

கெடிலக்கரை, கடலூர் மஞ்சக்குப்பம்:

மூணு வாரம் கழிச்சு வரேன், மன்னிக்கணும், முகூர்த்த நாளுங்க நெறைய, பிளவுஸ் ஆர்டர் தலைக்கு மேல இருந்துச்சு.

முதல்ல, அந்த தார்ப்பாய்காரர திரும்பவும் போய்ப் பாத்தேன். முத்தியால்பேட்டை பக்கம் ஒரு வீடு காலி பண்ணினப்போ மொத்தமா எடுத்த சாமான்னு சொன்னார், வீட்டுக்காரங்க யாரு எவருன்னு அவருக்கும் தெரியல. எல். யாருன்னு தெரியவே இல்ல. அது எனக்கு ஒரு கொறையா தான் இருக்கு.

மயில் வித்துடுச்சு. வாத்தியார் சார் சொன்ன மாதிரி உள்ளத உள்ளபடி ஒரு அட்டையில எழுதி, காலைல ஏழு மணிக்கு மொட்டமாடி நெழல்ல வச்சு ஃபிளாஷ் இல்லாம போட்டோ எடுத்து போட்டேன், மூணு நாள் எல்லாரும் 1000க்கு கேட்டாங்க, 800க்கு கூட ஒருத்தர் கேட்டார். பயந்து எறக்கிடலாம்னு நெனச்சேன், பழையசாமான் ஐயா சொன்ன கீழ் விலைய நோட்டுல எழுதி வச்சிருந்ததால நின்னேன். அப்புறம் பாண்டியில ஹோம்ஸ்டே வச்சிருக்கற ஒரு அம்மா நேர்ல வந்து பாத்தாங்க, 4800 சொன்னேன், 4200க்கு எடுத்துக்கிட்டாங்க. அந்த அட்டையையும் ஃபிரேம் பக்கத்துலயே மாட்டறேன்னாங்க. ஃபீஸ்ல ஒரு பங்கு கட்டியாச்சு.

விளக்குக்கு பழைய மணி போட்டேன். எங்க அம்மாவோட அறுந்துபோன மாலையில இருந்து அதே மங்கல்ல அஞ்சு மணி கெடச்சுது. அட்டையில "அஞ்சு மணி இப்ப மாத்தினது"ன்னு எழுதிட்டேன். பரதநாட்டியம் சொல்லித்தர ஒரு டீச்சர் சலங்கை பூஜை நடக்கற ஹாலுக்கு கேட்டிருக்காங்க, 3000 சொல்லியிருக்கேன், வர வாரம் வந்து பாக்கறாங்க.

இப்ப மரம். இதச் சொல்லத்தான் ராத்திரி உக்காந்து டைப் பண்றேன். கண்ணாடி மாத்த ஃபிரேம் கடையில குடுத்து பின்னாடி பேப்பர கீறி எடுத்தோம், உள்ள இருந்த அட்டைய தூக்கினா வெல்வெட்டோட பின்பக்கம் தெரிஞ்சுது. எதுவுமே ஒட்டல. முப்பத்தி ரெண்டு நகை, அத்தனையும் தச்சிருக்காங்க. ஒவ்வொண்ணுக்கும் கருப்பு நூல் ரெட்டை இழை, ஊக்கோட பின்ன அப்படியே விட்டுட்டு அதச் சுத்தி தையல், முடிச்சு பின்பக்கம், ஒரே அளவுல வரிசையா. கழண்டது ஏன்னா அங்க மட்டும் நூல் இத்துப்போச்சு. நான் இருபது வருஷமா ஊசி புடிக்கறேன், அந்தத் தையல பாத்ததும் அந்த அம்மா பக்கத்துல உக்காந்துருக்கற மாதிரியே இருந்துச்சு. ஒரு பின்ன கூட வெட்டல, ஒண்ண கூட கெடுக்கல, எப்ப வேணா எடுத்துப் போட்டுக்கலாம்னு நெனச்சு தச்சாங்களோ என்னமோ.

பக்கத்து வீட்டு அக்கா இதப் பாத்துட்டு இப்பவாவது பிச்சு விக்கலாம்ல, ஒண்ணும் கெடாதேன்னு கேட்டாங்க. அவங்க சொல்றதுலயும் நியாயம் இருக்கு, ஆனா என்னால நூல வெட்ட முடியல. கழண்ட எலைய மட்டும் அதே மாதிரி ரெட்டை இழையில தச்சு வச்சிட்டேன், பழைய ஓட்டைக்குள்ளயே ஊசி எறங்குச்சு. ஐயா, மரத்துக்கு இப்ப என்ன விலை சொல்லலாம்?

பழையசாமான், புதுச்சேரி:

ஒட்டினதா இருந்தா 7000 சொல்லச் சொல்லியிருப்பேன். தச்சதுன்னா 10,000ல ஆரம்பிங்க, 8500க்கு கீழ எறங்காதீங்க. பின்பக்கத்த நல்லா வெளிச்சத்துல நாலு போட்டோ எடுங்க, மூடறதுக்கு முன்னாடி, முன்பக்கத்துக்கு முன்ன அதத்தான் காட்டணும். நவம்பர் வரைக்கும் பழைய பருத்திப் புடவைல சுத்தி பீரோ மேல் தட்டுல படுக்க வைங்க, நிக்க வச்சா நூல் இழுக்கும்.

குருசுக்குப்பம் பொண்ணு, இப்போ பாரிஸ்:

டிசம்பர்ல ஊருக்கு வரேன் அக்கா. அதுக்குள்ள யாரும் வாங்கலன்னா எனக்கு ஒரு மெசேஜ் போடுங்க, ஐயா சொன்ன விலைக்கே, பேரம் பேசமாட்டேன்.